கம்பளிச் சட்டை போட்ட கணினி

சேர்,

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என்றாலும் எனக்கு இப்படித்தான் எழுத வரும். சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இந்த அறையில் இப்போது வரும் கம்பளி வாசனை.
2. என் மகள் வாணியின் கலியாணப் படத்தை நான் செய்யாமல் நீங்கள் செய்தது.
3. நான் உங்களை எட்டிவிடக் கூடாது என்று என் கணினியின் முக்கால் பங்கை நீங்கள் பூட்டி வைத்தது.
4. இப்போது நான் செய்துகொண்டிருப்பது.

மூன்றாவதை எழுதும்போது பேனா தயங்கியது. அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. இப்போதும் பாருங்கள், பதில் எழுத முடியாத ஆளுக்கு எழுதித்தான் சொல்கிறேன்.

நனைந்த ஸ்வெட்டரை அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டால் ஒரு வாசனை வரும். அதே வாசனைதான் இப்போது வருகிறது. வெளியே வட்டகொடை ஸ்டேசனைப் பனிமூட்டம் மறைத்துவிட்டது. என் பக்கத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் உங்கள் அண்ணி சரோஜா பின்னிய அந்தக் கம்பளிச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டபடி இருக்கிறது. உங்களுக்கு நினைவிருக்கும். பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள், பின்பக்கம் வயர்கள் வருவதற்கு மட்டும் ஒரு சின்ன ஓட்டை. அவள் சத்திரசிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் படுத்திருந்த காலத்தில் பின்னியது. "மனுசனுக்கே சளி புடிக்கிற ஊரு. இதுக்குப் புடிக்காதா?" என்பாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஈரக்காற்றில் ரேடியோ கெட்டுப்போன வீடு இது.

இனி இரண்டாவது.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் கணக்கு, நீங்கள் விஞ்ஞானம். பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே நானும் உங்களை 'சேர்' என்றேன். நான் உங்களுக்கு மூத்தவன். அதனால் என்னை அண்ணே என்றும் சரோஜாவை அண்ணி என்றும் கூப்பிட்டீர்கள். வேறு எதிலும் நான் உங்களுக்கு முன்னால் நின்றதாக நினைவில்லை. கலியாணமான புதிதில் குழம்பில் உப்பு கூடியதற்கு மூன்று காரணங்களை எழுதி நான் சரோஜாவிடம் கொடுத்த கதையை, என்னைவிட நன்றாக ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வைத்தவர் நீங்கள். அது என் கதை. சிரிப்பு உங்களுக்குக் கிடைத்தது.

வீடியோவும் அப்படித்தான் ஆனது. பெற்றோர் தினத்தை முதலில் படம் பிடித்தவன் நான். அடுத்த வருடம் நீங்களும் ஒரு கேமராவோடு வந்தீர்கள். நான் ஒரு கிழமை, ஏழு நாளும் உட்கார்ந்து வெட்டி ஒட்டியதை நீங்கள் ஒரே நாளில் முடித்துத் திரையில் போட்டீர்கள். பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தார்கள். என்னுடையது முடிந்தபோது பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டது. அதன்பிறகு தலவாக்கலையில் இருந்து டயகம வரை யார் வீட்டில் விசேசம் என்றாலும் உங்களைத்தான் தேடினார்கள். எனக்கு அறுபதாம் கலியாணங்கள் வந்தன. அவர்களுக்கு அவசரம் இல்லை.

பென்சன் எடுத்தவுடன் ஹட்டனில் இந்தக் கணினியை வாங்கினேன். கடைக்காரர், "நாலு கோர் சேர். நாலு பேரு ஒரே நேரத்துல வேலை செய்ற மாதிரி" என்றார். உங்களுடையதில் இரண்டுதான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாலு, இரண்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாணியின் கலியாணத்தை நீங்கள் படம் பிடித்தீர்கள். தாரை வார்க்கும் நான் கேமராவையும் பிடிக்க முடியாது, அது சரி. ஆனால் வெட்டி ஒட்டி முடிக்கும் வேலை என்னுடையது என்று முன்கூட்டியே பேசியிருந்தோம். டேப்புகளை வாங்கிக்கொண்டேன். இரண்டு கிழமையில் அவளும் மருமகனும் டோஹாவுக்குப் போகவேண்டும். என் கணினி ஊர்ந்தது. ஒரு பாட்டு அளவு காட்சியைச் சேர்த்து முடிக்க ஒரு பகல் போனது. கடைசியில் வாணியே சொல்லிவிட்டாள். "அப்பா, சேர் மாமாகிட்ட குடுத்துருங்க. அவரு ஒரு நாள்ல முடிச்சிருவாரு. நீங்க ஏன் கெடந்து கஷ்டப்படுறீங்க?" டேப்புகளைப் பையில் போட்டு நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள், "விடுங்க அண்ணே, யாரு செஞ்சா என்ன, நம்ம புள்ள" என்றீர்கள். நம்ம புள்ள. வீடு வரும்வரை அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தேன்.

நீங்கள் போனபோது ஊரே திரண்டது. பஸ்கள் ஓரமாக நின்றன. மழையில் குடையில்லாமல் பழைய மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். நான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் அழுதபடி நடந்தேன். அழுதுகொண்டே, எனக்கு இதில் பாதிப் பேர் வருவார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவதற்கு வருகிறேன்.

போன மாதம் வாணி டோஹாவில் இருந்து பேசினாள். கலியாண டிஸ்க் கீறல் விழுந்து ஓடவில்லையாம். பேரனுக்குக் காட்டவேண்டுமாம். "சேர் மாமா செஞ்ச மாதிரியே செஞ்சு அனுப்புங்கப்பா" என்றாள். உங்கள் மனைவி டேப்புகளைத் தேடிக் கொடுத்தார்கள். சேர் மாமா செய்ததுபோல் செய்யமாட்டேன், அவளுடைய அப்பா செய்ததுபோல் செய்வேன் என்று முடிவெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணினி முன்புபோலவே ஊர்ந்தது. இந்தமுறை அவசரம் இல்லை என்பதால் முறையாகத் தேடினேன்.

கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஜன்னலை முதலில் திறந்தேன். நாலு கோர் என்றால் அங்கே நாலு கட்டம் இருக்கவேண்டும். ஒன்றுதான் இருந்தது. அதில் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. தேயிலை மலையில் நாலு பேருக்குப் பேர் போட்டுவிட்டு ஒருத்தி மட்டும் கொழுந்து எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. படம் வெட்டும் மென்பொருளில் குறையோ என்று அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. கணினி எழும்பும்போது வரும் நீலத் திரைக்குள் போனேன். அங்கே நாலும் உயிரோடு இருந்தன. அப்படியென்றால் புரொசெஸரில் பழுதில்லை, விண்டோஸுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கோர்களோடு தொடங்கவேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. சாதாரணமாக யாரும் அங்கே போகமாட்டார்கள். அதைத் திறந்தேன். ஒரு சரி அடையாளம், பக்கத்தில் ஒன்று என்ற இலக்கம்.

அது தானாக விழாது, சேர். என்னைத் தவிர இந்தக் கணினியில் கை வைத்த ஒரே ஆள் நீங்கள். வாங்கிய புதிதில் அது அடிக்கடி தானாக நின்றுபோனது. பார்க்க வந்தீர்கள். சரோஜா எனக்குத் தராத பூப்போட்ட கோப்பையில் உங்களுக்கு இஞ்சி டீ கொண்டுவந்தாள். ஸ்க்ரூட்ரைவர் கேட்டீர்கள். நான் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "மெதுவாத்தான் போகும் அண்ணே. ஆனா நிக்காது" என்றீர்கள். அது நிற்கவே இல்லை. உங்கள் கைராசி என்று சரோஜா எல்லோரிடமும் சொன்னாள். நானும் நம்பினேன்.

இன்று காலை அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். நாலு கட்டங்கள் வந்தன. நாலு கோடுகளும் ஒன்றாக ஏறின. இத்தனை வருடம் இரண்டு கோரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பேர் வாங்கினீர்கள், என் நாலில் மூன்றைக் கட்டிப்போட்டுவிட்டு. வேறு என்ன நினைக்கச் சொல்கிறீர்கள்?

நான்காவது. இப்போது என்னுடைய படம் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஓர் இடத்தை மட்டும் வெட்டிவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் வாணி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்போது உங்கள் குரல் கேட்கிறது: "என்னையப் பாக்காத புள்ள, அப்பாவப் பாரு." அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். என் மகள் என்னைப் பார்ப்பதற்கு நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது. அது பேரன் பார்க்கும் படத்தில்

கணினி நின்றுவிட்டது.

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்காமல் அப்படியே விடுகிறேன். இதற்கு அப்புறம் நடந்ததை எழுதுகிறேன்.

சத்தம் நின்றதைக் கேட்டு சரோஜா சமையலறையில் இருந்து வந்தாள். "கரண்டு போச்சாங்க? லைட்டு எரியுதே" என்று சொல்லிக்கொண்டே கணினியின்மேல் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "இது என்னங்க, தோசைக்கல்லு மாதிரி சுடுது?"

"நாலும் வேலை செஞ்சிச்சு. அதான் சூடு."

"இத்தன நாளு சுடலையே?"

"இத்தன நாளு ஒண்ணுதான் வேலை செஞ்சிச்சு. மூணை சேர் நிப்பாட்டி வச்சிருந்தாரு."

அவள் பொத்தான்களைக் கழற்றினாள். கம்பளியை உரித்து எடுத்து, சூடு ஏறிய உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அவரு அன்னைக்கே கேட்டாருங்க."

"என்ன கேட்டாரு?"

"நீங்க ஸ்க்ரூட்ரைவர் தேடப் போயிருந்தீங்க. 'அண்ணி, இதுக்கு மூச்சு முட்டுது, சூடு ஏறித்தான் நிக்குது, இந்தச் சட்டையக் கழட்டிரவா'ன்னாரு. எம் முகம் ஒரு மாதிரியாப் போயிருக்கும் போல. ஆஸ்பத்திரியில இருந்து வந்து நான் முழுசா முடிச்ச மொத வேலை இதுதானே. அவரு என்னையப் பாத்தாரு. 'வேணாம் அண்ணி, இருக்கட்டும். உள்ளுக்குள்ள கொஞ்சம் கொறச்சு வச்சிர்றேன், சூடு ஏறாது'ன்னுட்டு ஒக்காந்துட்டாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்டயா?" சிரித்துவிட்டாள். "கம்பளியால வர்ற கெடுதின்னு ஒண்ணு ரெண்டு போட்டு எழுதி என் கையில குடுத்திருப்பீங்க. அந்த உப்புக் கதை அவருக்குத் தெரியாதா?"

"நீயாவது சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கு நீங்க சொல்லிக் கழட்டியிருந்தா அழுதிருப்பேன். அப்பறம் மறந்தே போச்சு." கம்பளியை மடித்து என் முழங்காலில் போட்டாள். "இனி இது உங்க முட்டிக்கு ஆகும். அந்தப் பொட்டிக்கு ஒண்ணும் தேவையில்ல."

கணினி ஆறும்வரை காத்திருந்து மறுபடி போட்டேன். சட்டை இல்லாமல் அது ஒல்லியாகத் தெரிகிறது. நாலு கோடுகளும் உயர்ந்துதான் நிற்கின்றன, ஆனால் கணினி நின்றுபோகாமல் ஓடுகிறது. சேர்த்துவைத்தது பாதியில் அழிந்துபோனதால் முதலில் இருந்து தொடங்கவேண்டி வந்தது. தொடங்கும் முன் வெட்டிய இடத்தைத் திரும்ப வைத்தேன். உங்கள் குரலோடு.

கம்பளியில் இன்னும் கணினியின் சூடு இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பொறாமை குறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அது உண்மையாக இருக்காது. இதுவரை உங்கள் கை வேகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், உங்கள் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இனி அதுவும் போதாது. என் வீட்டில், என் மனைவியின் முகம் வாடியதை நீங்கள் பார்த்தீர்கள். அப்போது நான் பக்கத்து அறையில் ஸ்க்ரூட்ரைவர் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்று, இரண்டு, நான்கு அப்படியே இருக்கட்டும், சேர். மூன்றாவது பிழை.