எஞ்சின் நம்பர்

புக்கிட் செராய் தோட்டம்,
லிங்கி.
3.2.2024

அன்புள்ள ரதிக்கு,

என் போன் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை, அதனால் கடிதம். நான் நலம். மில்லில் அதே ஃபிட்டர் வேலை, அதே இரைச்சல். நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலை என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. நீயும் உன் அறைத்தோழி விமலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிவப்பு வண்டிக்கு எஞ்சின் கிடைத்துவிட்டது. ஜப்பானில் பழைய கார்களை இரண்டாக அறுத்து முன்பாதியை மட்டும் இங்கே அனுப்புவார்களே, அந்த ஹாஃப் கட் கடை ஒன்றில், கிள்ளானில் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாயாண்டி லாரியில் ஏற்றி வந்தோம். பழையதைவிடக் கொஞ்சம் பெரியது, ஆனால் கியர் பெட்டியோடு அப்படியே பொருந்தும். பழைய எஞ்சினை நம்பிப் பயனில்லை. அதன் இரும்பு உடம்பில், பிளாக்கில், விரிசல் விழுந்திருந்தது. உன்னிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

எஞ்சினை மாற்றினால் வண்டியின் பதிவுப் பத்திரத்திலும், கிரானிலும், நம்பரை மாற்ற வேண்டும். கிரான் உன் பெயரில் இருக்கிறது. நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ரெண்டு மாத வேலை.

என்றும் உன்,
சீலன்


சுங்கை காடுட்
14.2.2024

மதிப்பிற்குரிய ஃபிட்டர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். கிரீஸ் கை கழுவிய தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

ரெண்டு மாதம் என்று படித்ததும் விமலாவிடம் காட்டிச் சிரித்தேன். என்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவளுக்கு உங்கள் கணக்கு தெரியாதல்லவா? அதனால் முழுக் கதையும் சொன்னேன். வண்டியில் அப்போது ஒரு கோளாறும் இல்லை. ஞாயிறுதோறும் போர்டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்தோம். நான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வருவீர்கள். ஒருநாள், "டிக் டிக்னு ஒரு சத்தம் கேக்குது ரதி" என்றீர்கள். எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் எஞ்சின் பால்மாவு டின்களில் கிடந்தது. "ரெண்டே வாரம்லா" என்றீர்கள். ஒரு வருடம் கழித்தும் அதே டின்கள், அதே ரெண்டு வாரம்.

அம்மா போன செய்தி வந்த காலையில் வண்டி கட்டைமேல் நின்றது. நான் செரம்பானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மாறி கெமாஸ் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உங்களிடம் சொல்லி அழுதேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பஸ்ஸு லேட்டா போனா நான் என்ன செய்யறது?"

நான் வீட்டைவிட்டு வந்தது வண்டிக்காக என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாம். வண்டிக்காக இல்லை. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் "என் தப்பு" என்று நீங்கள் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. உங்கள் ஊரில் எல்லாத் தப்பும் தானாகவே நடக்கும். இந்தக் கடிதத்திலும் பாருங்கள், விரிசல் தானாகவே விழுந்திருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன். ஃபாரத்தை அனுப்புங்கள். வேலை முடிந்ததும் வண்டியை விற்கப்போகிறேன். எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசர் அர்ச்சுனன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருக்கிறார். அதுவும் போய்விட்டால் நமக்குள் பொதுவாக ஒன்றும் மிச்சமிருக்காது. பிறகு இதுபோல் கடிதம் எழுதும் சிரமமும் உங்களுக்கு இல்லை.

"உன்" என்று கையெழுத்துப் போட வேண்டாம்.

ரதி


புக்கிட் செராய் தோட்டம்
17.3.2024

அன்புள்ள ரதிக்கு,

நீ சொன்னபடியே ஆகட்டும். விற்பதென்றால் நல்லபடியாக ஓடும் வண்டியாக விற்க வேண்டும். என் வேலை அது.

எஞ்சின் உள்ளே போய்விட்டது. கோழிக்கூண்டு இருந்த இடத்தில் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, மில்லில் கேட்டு வாங்கி வந்த, பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். நான் சங்கிலியை இழுக்க, மாயாண்டி எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாலா சீலா, இது எஞ்சினா, யானைக்குட்டியா?" என்று அலறிக்கொண்டே இருந்தார். மூன்று தரம் இறக்கி மூன்று தரம் தூக்கினோம். நாலாவது தரம் கியர் பெட்டியின் வாய்க்குள் தானாகப் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, கதவு சாத்துவதுபோல் ஒரு சின்ன சத்தம், கேட்டதும் எனக்கு உன்னைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்துகூட விட்டேன். மாயாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

புது எஞ்சினின் கால்கள் பழைய இடத்தில் உட்காரவில்லை. அதனால் மில்லில் கழித்துப்போட்ட தடித்த தகட்டை வெட்டி, எஞ்சினைத் தாங்க நானே ஒரு பிராக்கெட் செய்தேன். பாலத்தையே தாங்கும். எஞ்சினுக்கு மில் பெயிண்ட் பச்சையில் இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறேன். இனி துரு அண்டாது. வயரிங் இழுக்கத்தான் பத்து நாள் ஆனது. நேற்று சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. போட்டதும் மேலே எழும்பும் முன்விளக்குகளில், மடங்கியே கிடந்த வலது பக்க விளக்கும் இப்போது தூக்கிக்கொள்கிறது. ஒற்றைக்கண் வண்டி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஃபாரமும் கடை ரசீதும் இதோடு இருக்கின்றன. பென்சில் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போடு.

சீலன்


சுங்கை காடுட்
25.3.2024

ஃபிட்டர் ஐயா அவர்களுக்கு,

ஃபேக்டரியில் எனக்குக் கொடுத்திருப்பது தரம் பார்க்கும் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் என் கை கையெழுத்துப் போடாது. எஞ்சின் நம்பர் என்ற கட்டத்தில் நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை.

ரசீதில் ஒரு நம்பர் இருக்கிறது. அது எனக்குப் போதாது. எஞ்சினில் அடித்திருக்கும் நம்பரை நீங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். செரம்பானில் வண்டியைச் சோதிப்பவர் முதலில் அதைத்தான் தேடுவார் என்று அர்ச்சுனன் சொன்னார்.

ஃபாரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ரதி

பி.கு.: வலது விளக்கு எழுந்தது என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.


புக்கிட் செராய் தோட்டம்
14.4.2024

ரதிக்கு,

இன்று சித்திரை முதல் நாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். பதில் தாமதமானதற்குத் தபாலைக் குறை சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். தபாலில் குறையில்லை.

உன் கடிதம் வந்த அன்றே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். நம்பரைக் காணோம். மில்லில் எஞ்சினுக்கு யார் நம்பர் பார்க்கிறார்கள்? குளத்து எஞ்சின், பாய்லர் பக்கத்து எஞ்சின் என்று இருக்கும் இடத்தை வைத்துத்தான் பேசுவோம். அந்தப் பழக்கத்தில் நான் ஒருநாளும் தேடவேயில்லை. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? நான் பெருமையடித்துக்கொண்ட அந்த பிராக்கெட்டுக்குப் பின்னால். நம்பர் அடித்த இடத்தின்மேல் இரண்டு கோட்டிங் பச்சைப் பெயிண்ட், அதன்மேல் பாலத்தைத் தாங்கும் தகடு. எஞ்சினைத் தூக்காமல் அதைக் கழற்ற வழியில்லை.

ரசீதிலிருந்து நம்பரைப் பார்த்து எழுதி, தகட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். மாயாண்டியும், "போலேலா, செய்யலாம், யாருக்குத் தெரியும்?" என்றார். கட்டரைக் கையிலும் எடுத்துவிட்டேன். ஜன்னல் வெட்டினால் தகட்டின் பலம் போய்விடும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் ஆடும். ஓட்டப்போவது நீயோ அந்த அர்ச்சுனனோ, யாராக இருந்தாலும் அது சரியில்லை. கட்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுபடி முக்காலி கட்டி எஞ்சினை வெளியே எடுத்தேன். வயரிங், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த முறை டின்களில் போட்டுக் கலக்கவில்லை. தரையில் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் நம்பர் பளிச்சென்று இருந்தது. பிராக்கெட்டை வேறு வடிவில் செய்து, நம்பர் நன்றாகத் தெரியும்படி மாட்டி, போன வாரம் எஞ்சினைத் திரும்ப இறக்கினேன். நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறேன். இதோடு அனுப்புகிறேன். ரசீதில் இருப்பதோடு ஒத்துப்பார்.

இன்னொன்று. பழைய எஞ்சினில் விரிசல் தானாக விழவில்லை. கழன்று வராத இடத்தில் கடப்பாரை வைத்து நெம்பினேன். பிளாக் வெடித்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ரெண்டு வாரம், ரெண்டு வாரம் என்று சொன்னதெல்லாம் அதை மறைக்கத்தான். எனக்குத் தெரியும் அது ஓடாது என்று.

அத்தை போன அன்றைக்கு உன்னைப் பஸ்ஸில் அனுப்பியது நான்தான் ரதி. பஸ் தாமதமாகப் போகவில்லை. என் தப்பு. நீ கேட்டாய் என்பதற்காக எழுதவில்லை. எஞ்சினைத் தூக்கித் தொங்கவிட்டுவிட்டு அதன் அடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அப்போது புரிந்தது. இதை நேரில் சொல்ல எனக்கு எப்போது தைரியம் வருமோ தெரியவில்லை.

வண்டியை நீ விற்றுக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

சத்தியசீலன்


சுங்கை காடுட்
24.4.2024

வணக்கம்.

பென்சில் காகிதத்தை ரசீதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தேன். சரியாக இருக்கிறது. ஃபாரத்தில் நானே நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விமலா அதைப் படிக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை.

மே இருபது, திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிள் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியைச் செரம்பான்வரை நீங்கள் எப்படிக் கொண்டுபோவீர்கள்? நான் வந்து ஓட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குத் தயாராக இருங்கள். டயரில் காற்று பார்த்து வையுங்கள்.

ரதி


சுங்கை காடுட்
26.5.2024

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாம்.

புது நம்பரோடு கிரான் கைக்கு வந்துவிட்டது. சோதனையில் அந்த மனிதர் டார்ச்சை அடித்ததும் ஒரே பார்வையில் நம்பரைப் படித்துவிட்டு, "சந்தேக்" என்று, அதாவது அழகு என்று, மலாயில் பிராக்கெட்டைப் பாராட்டினாரே, உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சிரித்துவிடக் கூடாது என்று கீழே குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு லிங்கியிலிருந்து செரம்பான் போகும் வழியில் நாம் பத்து வார்த்தை பேசியிருப்போமா? ரந்தாவ் தாண்டியதும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கே கேட்டது, உங்கள் காதுக்குக் கேட்காமல் இருக்குமா? உங்கள் கை முழங்காலை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். நிறுத்து என்று சொல்வீர்கள், பானட்டைத் திற என்பீர்கள் என்று காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்த நிமிடம் எனக்கு உங்கள்மேல் எவ்வளவு ஆசை வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதனால்தான் சோதனை முடிந்ததும் செரம்பான் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, "இறங்குங்க, நீங்க பஸ்ஸுல போங்க" என்றேன். இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் உங்களோடு வீட்டுக்கே வந்திருப்பேன். அதற்கு முன் எனக்கு ஒரு கோபம் தீர வேண்டியிருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தூறலில் போய் வரிசையில் நின்றீர்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். வளைவு வரைக்கும் பார்த்தேன். கோபம் பாதி தீர்ந்துவிட்டது.

அர்ச்சுனன் நேற்று வண்டியைப் பார்க்க வந்தார். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, ஜூன் இரண்டாம் தேதி, அம்மாவின் திதி. கெமாஸில் தம்பி தர்மேந்திரன் வீட்டில் பத்து மணிக்குப் படையல். போன வருடம் தனியாகப் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை வண்டியில் போகப்போகிறேன். அதில் இரண்டு சீட் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு லிங்கி பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். நான் பத்து நிமிடம் பிந்தினால் முகத்தைத் தூக்காதீர்கள். நீங்கள் இரண்டு வருடம் பிந்திவிட்டீர்கள்.

தம்பி முறைப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுதினீர்களே இரண்டு வார்த்தை, அதை அம்மா படத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். திரும்பி வரும்போது லிங்கியில் உங்களை இறக்கிவிட்டுப் போவதா, நானும் இறங்குவதா என்று வழியில் முடிவு செய்வோம்.

போனை எடுத்துப் பிளாக்கை நீக்கிவிட்டேன். ஆனாலும் கூப்பிட வேண்டாம், பேச வேண்டியதை அங்கே வைத்துப் பேசுவோம்.

டிக் டிக் சத்தம் இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கையை வீசி வாருங்கள். ஸ்பேனர் எடுத்து வரக் கூடாது.

உங்கள்,
ரதி