மிதித்தால் அவுட்டுதான்

நேற்று மாலை எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் யாரோ பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தார்கள். மழை பெய்து பாதி அழிந்திருந்தது. கைப்பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பத்தாங் காலி பட்டணத்திலிருந்து உள்ளே போகும் நம் ரப்பர் தோட்டம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்கு முன்னால் செம்மண் தரை. நமக்குப் பத்து வயது. கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குப் போன உன் அம்மா உயிரோடு திரும்பவில்லை. நான்காம் நாள், கையில் ஓட்டுச் சில்லோடு எங்கள் பாண்டி ஆட்டத்துக்கு வந்து நின்றாய்.

"நானும் வரேன்."

வாசலிலிருந்த என் அம்மா பார்த்துவிட்டார். "ஆத்தா போயி நாலு நாளுதான் ஆவுது. அதுக்குள்ள வெளையாட்டு கேக்குதா இதுக்கு?"

அம்மாவுக்குப் பயந்து நான் கட்டங்களைக் காலால் தேய்த்து அழித்தேன். மற்றப் பிள்ளைகள் கலைந்துபோனார்கள். நீ அழவில்லை. ஒரு குச்சியை எடுத்து அதே இடத்தில் மறுபடி கோடு கிழித்து, தனியாக நொண்டியடிக்க ஆரம்பித்தாய். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் பக்கத்தில் வந்தேன்.

"அம்மா நெனப்பு வரலியா ஒனக்கு?"

"வருது லா. ஒத்தக்கால்ல நிக்கிறப்ப மட்டும், கோட்ட மிதிக்கக் கூடாதேன்னுதான் தோணுது. ரெண்டு காலயும் ஊனினா மறுபடி வந்துருது."

பிள்ளைகளுக்கு ஏன் விளையாட்டுப் பிடிக்கிறது என்று பாலர் பள்ளி ஆசிரியையாக எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். நீ சொன்னதைப் போல யாரும் சொன்னதில்லை.

நானும் சேர்ந்துகொண்டேன். ஐந்தாவது கட்டத்தில் உன் குதிகால் கோட்டில் பட்டது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"மிதிச்சிட்ட. அவுட்டு."

"மிதிக்கல."

"மண்ணு கலைஞ்சிருக்கு பாரு."

நான்கு நாளாக எல்லோரும் உன் தலையைத் தடவித் தடவி அழுதார்கள். உன்னோடு சண்டை போட்ட முதல் ஆள் நான்தான். உன் குரல் லயம் முழுக்கக் கேட்டது. உன் அப்பா சவரம் செய்யாத முகத்தோடு வெளியே வந்தார். என் அம்மா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உன் அப்பா குனிந்து கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு உன்னிடம் சொன்னார்.

"மிதிச்சிருக்கம்மா. மிதிச்சா அவுட்டுதான். அந்தப் புள்ளைக்கு ஆட்டத்தக் குடு."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர், பொழுது சாயும்வரை நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா அவருக்குக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

கட்டத்தை அழித்ததற்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்டதில்லை. பெரியவர்களான பிறகு ரவாங்கில் உன் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது கேட்கிறேன்.

பேரனோடு கேரம் ஆடும்போது நான் விட்டுக்கொடுப்பதில்லை. சின்னப் பிள்ளைதானே என்று மகள் கடிந்துகொள்கிறாள். அவனும் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறான். மறுநாள் பள்ளி விட்டதும் பலகையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறான்.