அண்ணன் பாட்டில் ஊதிய சங்கு

ஆடி 3, சனி இரவு

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிகளின் யூனியன் பாட்டுகளைத் தமிழாக்கி, மைன்ஸ் வாசல் கூட்டங்களில் அண்ணன் பாடிய கேசட்டை இன்று கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து முடித்தேன். நாளை அண்ணனின் நினைவு நாள். கூட வேலை பார்த்தவர்கள் கேட்க வருகிறார்கள். நான் இரைச்சலை ஒழித்த அழகைக் கேட்டால் அமெரிக்காவே தனி விமானம் அனுப்பி என்னைத் தூக்கிக்கொண்டு போகும். நடுவில் ஊதிய ஷிப்ட் சங்கைக்கூடச் சுவடில்லாமல் துடைத்துவிட்டேன்.

மாலையில் அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு பாதியில் நின்று மௌனமானதும் அவர் முகம் மாறியது.

"ஏன் கொழுந்தனாரே, அவரு பாட்ட மறந்துட்டு முழிக்கிற மாதிரி இருக்குதே! வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"அங்க சங்கு ஊதுச்சு அண்ணி. நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா? சங்கு ஊதறப்ப நிறுத்திக்கினு, தண்ணி குடிச்சிட்டுத்தான அடுத்த வரி பாடுவாரு. பெரிய இஞ்சினீயரு, இதுகூடத் தெரியலயா?"

கேசட்டை மறுபடி ஓட்டினேன். சங்கு குவார்ட்டர்ஸ் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும் ஒரு மடக்கு விழுங்கும் சத்தம், ஒரு கனைப்பு, பிறகு பாட்டு. அந்த இரண்டையும் இரைச்சல் என்றுதான் அழித்திருக்கிறேன்.

"மெல்ல குடிங்க" என்றார் அண்ணி, ஸ்பீக்கரைப் பார்த்து.

விமானம் காலியாகவே திரும்பிப் போகட்டும். மற்ற பாட்டுகளிலும் சங்கைத் திரும்ப வைக்க வேண்டும். தண்ணீரையும்.