கோட்டுப் போட்டுத் தராசில் ஏறிய ஹெவிவெயிட்டுக்கு

என் அக்கா பெற்ற மலையே, தங்க மாப்ளே பாண்டி,

எவனும் நம்பமாட்டான் என்று தெரிந்தே, சூடம் அணைத்துச் சத்தியம் செய்து இந்தக் கதையை ஆரம்பிக்கிறேன். ராஜபாளையத்தில் நின்றுகொண்டு நீ விட்ட ஒரே குத்தில் நான் ஆகாயத்தில் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரக் கலசத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவரிடம் மணி என்ன என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் திரும்பி வந்து, கிளம்பிய இடத்திலேயே விழுந்தேன்.

போன வாரம் உன் வீட்டுக்காரி லட்சுமியிடம் இதைச் சொன்னேன். உனக்கு முதல் வருஷத் திதி நெருங்குகிறது, வீட்டில் அவள் முகம் சரியில்லை, கொஞ்சம் சிரிக்கட்டுமே என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முறைக்கு நான் அவளுக்குச் சித்தப்பா அல்லவா, சண்டையும் போடவில்லை.

“சித்தப்பா, கடைசியாத் தராசுல ஏறுன அன்னைக்கு அவிய உங்ககிட்ட என்னமோ பேசிட்டு வந்தாவ. நான் வெளிய ஆட்டோவுல இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. ஒரு தடவையாச்சும் மசாலா போடாமச் சொல்லுங்க.”

மசாலா போடாமல் பேசுவது எப்படி என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வாயைத் திறந்தால் எலி ஆனையாகித்தான் வெளியே வரும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ அங்கே நின்றவன். உன்னிடம் புளுக முடியாது. அவள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நம் வழக்கு மாரியப்பன் டீக்கடையில் இன்னும் நடக்கிறது. உலகத்தில் உள்ள குத்துச்சண்டைக்காரர்களை எல்லாம், எடை வித்தியாசம் பார்க்காமல் ஒரே வரிசையில் நிறுத்தினால் எவன் பெரியவன்? இந்த ஒரு கேள்வியை வைத்து நாம் குடித்த டீயில் ஒரு கண்மாய் நிறைந்திருக்கும்.

நீ வாசலில் குனிந்து நுழைகிற ஆள். பட்டாளத்தில் ஹெவிவெயிட்டாக ஆடியவன். நான் பேண்டேஜ் துணிப் பண்டல் அடுக்கும் கிட்டங்கியில், யாராவது ஃபேன் போட்டால் தூணைப் பிடித்துக்கொள்கிறவன். நியாயப்படி நீ பெரிய உடம்புக்கும் நான் சின்ன உடம்புக்கும் வாதாடியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு.

“எடையைக் கழிச்சிட்டுப் பாரும் மாமா. எல்லாப் பயலையும் ஒரே எடைக்குக் கொண்டாந்து நிறுத்துனா எவன் மிஞ்சுவான்? டிவியில காட்டுற அந்தச் சின்ன ஜப்பான்காரன்தான். அவன் காலு எங்க நிக்குன்னு கண்டுபிடிக்கவே இவனுகளுக்கு ஒரு வருசம் ஆகும்.”

“ஏலே, ஆனையையும் அணிலையும் ஒரே எடைக்குக் கொண்டார நீ என்ன பிரம்மாவா? ஹெவிவெயிட்டு ஒரு தும்மல் போட்டாம்னா ஒன் ஜப்பான்காரன் தேவதானத்துல போயி வெழுவான்.”

“யாரு வேணா எங்க வேணா விழுங்க, என் கிளாஸ் மட்டும் விழக்கூடாது” என்பான் மாரியப்பன்.

நீ என் உடம்புக்காகப் பேசினாய். நான் உன் உடம்புக்காகப் பேசினேன். ஒருவனை ஒருவன் ஜெயிக்க வைக்கத்தான் அம்புட்டுக் கூப்பாடு போட்டோமா மாப்ளே? அப்போது ஏன் அது நமக்கு உறைக்கவில்லை?

பிறகு உன் வயிற்றில் அந்த வியாதி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரோட்டோரம் கிட்டங்கி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குவாய். “ஆஸ்பத்திரி மிசின் கொறச்சுக் காட்டுது. நம்ம தராசுதான் மரியாதை தெரிஞ்சது” என்று பண்டல் நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாய். நான் நூல் கண்டை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு, “செட்டியார்பட்டிச் சிங்கம், மகாராஜபுரம் வரைக்கும் எதிரியே இல்லாதவர்” என்று அறிவிப்பேன். லோடு ஏற்றுகிறவர்கள் கை தட்டுவார்கள்.

ஹெவிவெயிட்டிலிருந்து மிடில்வெயிட். அங்கிருந்து லைட்வெயிட். குத்துச்சண்டைக்காரர்கள் பெல்ட் வாங்க மேலே ஏறிப் போவார்கள். நீ இறங்கி வந்தாய், ஒவ்வொரு எடையிலும் கொஞ்ச நாள் நின்று சண்டை போட்டுவிட்டு.

பட்டாளத்தில் போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தின நாள் உன் கூட்டாளிகள் தண்ணீர் குடிக்காமல், மைதானத்தைச் சுற்றி ஓடி, எச்சிலைக்கூடத் துப்பித் துப்பிக் குறைப்பார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஏறும்போது கட்டிய துணியையும் கழற்றிவிடுவார்களாம். நீயோ சித்திரை வெயிலில் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாய். காலில் பூட்ஸ். கோட்டுப் பாக்கெட்டு தொங்கிய தொங்கலைப் பார்த்தேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. தராசு காட்டியதை அப்படியே அறிவித்தேன். இந்தத் தாலுகாவின் மகா புளுகன் நான். எனக்கும் மேலே ஒருவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும் நேரத்தில் லட்சுமி இறங்கி ஓடி உனக்கென்று பால்கோவா வாங்கி வருவாள். உன்னால் விரல் நுனி அளவுக்கு மேல் முடியாது. கிட்டங்கிக்கு வந்ததும், அவள் முகம் கழுவக் குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து மிச்சத்தை என் வாயில் திணிப்பாய். “தின்னும் மாமா. உம்ம எடையில ஒமக்கு ஆளே கெடைக்காது. செத்த ஏறி வாரும்.”

அந்தக் கடைசி நாள் பஸ் இல்லை, ஆட்டோதான். நீ கோட்டுப் போடாமல் வந்தாய். வேட்டியும் பனியனும்தான். செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாய்.

“மாமா, மைக்கு வேண்டாம். உள்ளதைச் சொல்லும்.”

ஐம்பத்திரண்டு என்றேன். அதில் ஒரு பிடி உப்புக்கூட நான் கூட்டவில்லை.

“இப்ப நீரு ஏறும்.”

ஏறினேன். நீ திணித்த பால்கோவா வேலை செய்திருந்தது. ஐம்பத்திரண்டு. நீ தராசைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உன் சிரிப்பு மட்டும் எடை குறையாமல் அப்படியே இருந்தது.

“பிரம்மாவான்னு கேட்டீரே. அவனே கொண்டாந்து நிறுத்திட்டாம்லா. ரெண்டு பேரும் ஒரே எடை. இப்பச் சொல்லும், யாரு பெரியவன்?”

“அப்ப ஆடித்தான் பாக்கணும்” என்று இரண்டு கையையும் நீட்டினாய். ஒரு சுருள் துணி எடுத்துச் சுற்றிவிட்டேன். பட்டாளத்துக்குப் போகுமுன் இதே இடத்தில் உனக்குச் சுற்றியபோது ஒரு சுருள் பற்றாமல் இன்னொன்றைப் பிரித்தோம். இந்தத் தடவை ஒரே சுருளில் துணி மிஞ்சியது.

நீ குத்தினாய். என் கன்னத்தில் பட்டது. தொட்டிலில் கிடந்து என் மூக்கைப் பிடிக்க எட்டிய கைக்கு இதைவிட வேகம் இருந்தது. பிறகு வெளியே ஆட்டோவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாய்.

“லட்சுமிக்கு இந்த எடை தெரிய வேண்டாம். கேட்டா, போன தடவை கோட்டோட உள்ளதைச் சொல்லும்.”

அவ்வளவுதான் நீ பேசியது. சரி என்று தலையாட்டியவன் நான்தான். அதனால்தான் போன வாரம் அவள் கேட்டபோது முழித்தேன். அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்து உன் கோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். நல்ல கனம். பாக்கெட்டில் நட்டும் போல்ட்டுமாகக் கிடந்தன.

“ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் எடுத்து வச்சிட்டு, தொவைச்சுக் காயப்போட்டு, பொறவு அதே பாக்கெட்டுல திரும்பப் போட்டது நாந்தான் சித்தப்பா. போன தடவைக்குக் கொறஞ்சிறக் கூடாதேன்னு நானும் ஒண்ணு ரெண்டு சேத்துப் போட்டிருக்கேன்.”

நாம் இரண்டு பேரும் அவளிடம் மறைத்தோமா, அவள் நம் இரண்டு பேரிடமும் மறைத்தாளா? இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

மாரியப்பன் கடையில் நேற்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். எல்லா எடையையும் சேர்த்துப் பார்த்தால் பெரியவன் எவன் என்றால், எல்லா எடையிலும் நின்றவன்தான். அப்படி நின்றவன் ஒரே ஒருத்தன்தான். பேரைச் சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற கடை அது. நேற்று மாரியப்பன் டீ ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாப்ளே. உன் கதையை இனி எங்கே சொன்னாலும் உன் எடையில் ஒரு கிலோ கூட்டித்தான் சொல்வேன். அடுத்த ஊரில் இன்னொரு கிலோ. நீ இறங்கி வந்த படியெல்லாம் ஏறி, வாசலில் குனிந்து நுழையும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இதற்காவது என் புளுகு உதவட்டும்.

லட்சுமி மசாலா வேண்டாம் என்றாள். கோபுரத்தைச் சுற்றியது பொய். பால்கோவாக்காரரிடம் மணி கேட்டதும் பொய். விழுந்தது மட்டும் நிஜம். உன் கை தொட்டதும் அப்படியே பண்டல்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். தூக்கிவிட நீ கை நீட்டினாய். என் எடையை அது தாங்காதே என்று பிடிக்காமல் இருந்தேன்.

ஐம்பத்திரண்டில் இப்போது ஜோடி இல்லாமல் நிற்கும்
உன் தாய்மாமன்
ராசு