பெரியவன் சைக்கிளின் வயது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அவள் காதில் விழக் கூடாத ஒரு விஷயத்தை வேறு எப்படிச் சொல்வது.

உன் அண்ணனின் சைக்கிளைப் பற்றித்தான். பழைய இரும்புக் கடையிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றே, இது கப்பல்ல வந்த வண்டி, அப்பாவை விட மூத்தது என்று அவன் சொல்ல, போடா, எவனோ உன் தலையில கட்டிட்டான் என்று நீ சொல்ல, பந்தயம் பிடித்துக்கொண்டது. நீ கல்யாணமாகிப் போன பிறகும் அது போனில் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்காமல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. யார் ஜெயிச்சதுன்னு இப்பவாவது தெரியணும்ப்பா என்று நீ அழுததைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முன்பக்கக் குழாயில் கம்பெனி முத்திரை இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது ஒரு வருஷம் பொறித்திருந்தது தெரிந்தது, நான் பிறப்பதற்கு முந்தியது. நானும் உன் அம்மாவும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். பழைய சைக்கிள்கள் சேகரிக்கிற ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் வந்து பார்த்து அதில் மண்ணை அள்ளிப் போட்டார். சக்கரம் எந்த வண்டியிலேர்ந்து வேணாலும் வந்திருக்கும் சார், ஃபிரேம் நம்பரைப் பாக்கணும் என்றார். அது சீட்டுக்குக் கீழே குழாயில் இருக்குமாம். அதன்மேல்தான் உன் அண்ணன், வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட்டைக் கெட்டியாக அப்பி வைத்திருக்கிறான். எடுத்தால்தான் தெரியும் என்றதும் உன் அம்மா சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். எம்புள்ள அடிச்ச பெயிண்ட்டு, யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். அவன் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இரண்டு மயிர் அதில் ஒட்டிக்கிடக்கிறது, துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள், பார்த்திருக்கிறேன். நானும் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்து அவளாகவே பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னரும் துணியும் கேட்டாள். பாப்பா அங்க தனியா கெடந்து அழறா, அவளுக்காவது தெரியட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்து, எண் தெரிகிற அளவுக்கு மட்டும் துடைத்தாள். பச்சை ஏறிய அந்தத் துணியைத் துவைக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன்.

எண்ணை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போஸ்ட் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருப்பதால் இது இங்கேயே செய்தது, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் வண்டி என்றார். உன் அண்ணன் பிறந்ததற்கு மறு வருஷம் செய்ததாம். அப்பாவை விட மூத்தது என்று அவன் கொண்டாடியது அவனுக்கே தம்பி. பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய் அம்மா. நீ தோற்கத்தான் ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும், மாற்றி எழுதிவிடலாம் என்று பார்த்தேன், உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

அங்கிருந்து உன் அம்மாவிடம் வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள், என் முகத்தையே பார்த்தாள். உன் பிள்ளை சொன்னதுதான் சரி, கப்பல்ல வந்ததுதான் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்று உள்ளே போய் அழுதாள். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம், அவளாக இரண்டாம் தரம் தட்டில் போட்டுக்கொண்டது இந்த வருஷத்தில் அன்றுதான்.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். எங்களுக்குப் பின்னாலும் நீ நெடுங்காலம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு ஆசீர்வாதம் தெரியவில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வருவாள், யார் ஜெயிச்சது பாத்தியா என்று பெருமையாகக் கேட்பாள். தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிடு. உடனே ஒத்துக்கொள்ளாதே, வழக்கமாக அவனோடு போடுவாயே, அதுபோல் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா