அப்பா பேரைச் சொல்லிடும்மா

அம்மா,

ரசம் அடுப்பு மேல இருக்கு. மாவுக்கட்டு போட்ட இடது கையோட குக்கரைத் தூக்காதே, சோறு டப்பாவில் போட்டு வச்சிருக்கேன்.

மத்தியானம் மகளிர் சங்கத்து மமதா மேடம் வருவாங்க. கையை உடைச்சது யாருன்னு கேட்பாங்க. போன தடவை ஸ்டேஷன்ல "அவரு, அவரு"ன்னே சொல்லிட்டு வந்தே. பேர் இல்லாத புகாரை எவன் எடுப்பான்?

நான் உனக்குச் சொல்லித் தர்ற இங்கிலீஷ் பாடத்துலயும் இதே கதைதான். முதல்ல ஆளோட பேர், அது நவுன். 'ஹி'ங்கிற ப்ரோநவுன் அதுக்கப்புறம்தான்னு எத்தனை தடவை சொன்னேன்? எல்லா வரியிலும் 'ஹி'ன்னே எழுதி வச்சே. அதான் நேத்து கத்திட்டேன். டிகிரி படிச்ச திமிருன்னு நெனச்சுக்கோ. சிலேட்டை வீசினது மட்டும் தப்பு.

புருஷன் பேரைச் சொன்னா அவர் ஆயுசு குறையும்ங்கிறே. உன் ஆயுசு?

பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலம் வந்துடுவேன். அப்பா வந்து தட்டினா திறக்காதே. அழுதாலும் திறக்காதே.

பவானி

பி.கு: நாளைக்கும் நான்தான் உனக்குத் தலை வாரி விடுவேன். கோவிச்சுக்காதே.

இன்னொண்ணு: பேர் சொல்ல வாய் வரலன்னா இந்தச் சீட்டைத் திருப்பு. பின்பக்கம் வேடியப்பன்னு, தமிழ் படிக்கத் தெரியாத மேடத்துக்காகக் கன்னடத்தில் பெரிசா எழுதியிருக்கேன். மேடம் கேட்கும்போது அதுமேல விரலை வை, போதும்.