பூட்டிய சந்தையில் விற்ற நெல்

மன்னார்குடி
4-7-1997

அன்பு மகள் நீலாம்பாளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. அதையும் நலத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

இருபத்தாறு வருட விலை நோட்டுகளை நம் தெரு வைரக்கண்ணுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மன்னார்குடி நெல், கும்பகோணம் உளுந்து, நாகப்பட்டினம் கருவாடு. எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைத்திருக்கிறேன். போடுகிற முதல் பணம் மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான். ஓர் ஊரில் விற்ற பணம் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அந்தப் பழைய விலைகளில் என் விதிகளை ஓட்டினால் என்ன வந்திருக்கும் என்று உன் கம்ப்யூட்டரில் பார். நன்றாக வந்தால் மூன்று மா நிலத்தையும் பக்கத்து வயல் இராஜாங்கத்துக்கு விற்றுவிட்டு வியாபாரத்தில் இறங்குகிறேன். ஆவணி ஐந்தில் பத்திரம்.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை.

வீரையன்

சென்னை
20-7-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் வேண்டாம். நோட்டுகளை ஏற்றவே இத்தனை நாள் ஆனது. தனித்தனியாக ஓட்டினால் மூன்றும் சுமார்தான். ஒரே முதலில் சேர்த்து ஓட்டினால் ஒன்பது மடங்கு. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. 73 மாசியில் தொடர்ந்து பதினொரு நாள் நெல் விலை ஒன்றாகவே இருக்கிறதே, அது என்ன? நீங்கள் ஜெயிலுக்குப் போய்ப் பட்டா வாங்கிய நிலம். பத்திரத்தைத் தள்ளிப் போடுங்கள்.

அன்பு மகள்
நீலா

மன்னார்குடி
27-7-1997

அன்பு மகளுக்கு,

ஒன்பது மடங்கு என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் விளங்கவில்லை என்கிறாய். பத்திரம் தள்ளாது.

அந்தப் பதினொரு நாள் கூலிப் போராட்டம். சந்தை வாசலில் உட்கார்ந்தவன் நான். பண்ணையார் நெல் வண்டிகளோடு வந்து, "வழிய விடுடா வீரையா" என்றார். "எங்க மேல ஏத்திட்டுப் போங்க" என்றேன். ஒரு வண்டி உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்தபோது விலை ஏறியிருந்தது. அந்த விலையையே பதினொரு நாளுக்கும் எழுதினேன். நோட்டில் காலி விடுகிற பழக்கம் எனக்கில்லை.

வீரையன்

சென்னை
10-8-1997

அன்புள்ள அப்பாவுக்கு,

சந்தை பூட்டிக் கிடந்த இரண்டாம் நாளே கம்ப்யூட்டர் நம் நெல்லை அந்த ஏறிய விலைக்கு விற்றிருக்கிறது. அந்தப் பணத்தில் கும்பகோணத்தில் மலிவாகக் கிடந்த உளுந்தை வாங்கியிருக்கிறது. நெல்லைத் தனியாக ஓட்டினால் இதனால் லாபமில்லை; சேர்த்து ஓட்டும்போதுதான் பத்து நாள் முன்னதாகக் கைக்கு வந்த பணம் அடுத்த ஊரில் பெருகுகிறது. வெள்ளம், பந்த் என்று இப்படிப் பதினான்கு இடம். பூட்டிய நாட்களை நீக்கிவிட்டு ஓட்டினேன். போட்ட முதலில் பாதிகூட மிஞ்சவில்லை. நிலத்தை விற்காதீர்கள் அப்பா.

நீலா

மன்னார்குடி
22-8-1997

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் எழுதிய விலை உண்மை. வாசலில் நான் உட்கார்ந்திருந்ததும் உண்மை. அப்படியிருக்க உன் கம்ப்யூட்டர் எந்த வழியாக உள்ளே போய் விற்றது? அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்" என்கிறாள்.

நேற்று இராஜாங்கம் பத்திரத்துக்குக் கார் கொண்டுவந்தார். வாசலில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்க, நான் வரலை" என்றேன். ஏன் என்று கேட்டார். கை காட்டிக் காரைத் திருப்பச் சொன்னேன். நீ சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

பூட்டிய நாட்களின் விலையை நீயே அடித்துவிட்டு நோட்டுகளை அனுப்பு. எனக்குக் கை வராது.

வீரையன்